ஒற்றைக்கால் மேசை

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தெரபிஸ்ட் வருவார். அம்மா தன் நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்து மேசையில் இருப்பதை யார் உதவியும் இல்லாமல் எடுத்து, மாத்திரை போட்டு, தண்ணீர் ஊற்றிக் குடித்து, போன் அடித்தால் பேச வேண்டும். முடிந்தால் அம்மா தன் வீட்டிலேயே இருக்கலாம். முடியாவிட்டால் அண்ணன் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விடுவான். எட்டு மணி நேரப் பயணத் தூரத்தில் இருந்த அவன் வீட்டில் அதற்காக ஓர் அறையைக் காலி செய்து சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது.

"அந்த ரூம்ல நல்ல காத்து வரும்மா," என்று போனில் சொன்னான்.

"இங்கேயும் காத்துதான்டா வருது. நான் என்ன தண்ணிக்குள்ளயா இருக்கேன்?" என்றாள் அம்மா.

ஐந்து மாதத்துக்கு முன்பு அம்மாவின் மூளையில் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. கையும் காலும் ஏறக்குறைய திரும்பி வந்துவிட்டன. திரும்பி வராமல் நின்றது இடது பக்கம். கண்ணில் குறையில்லை. ஆனால் இடது பக்கம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதையே அவள் மனம் மறந்துவிடும். தட்டின் வலது பாதியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "அவ்வளவுதானா? இன்னும் கொஞ்சம் போடுடி," என்பாள். தட்டைத் திருப்பி வைத்தால் மீதியைச் சாப்பிடுவாள். முப்பது வருடம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை ஒட்டிவைத்து அணுக்களை எண்ணியவள். ஒன்று விட்டுப்போனாலும் மறுபடி முதலிலிருந்து எண்ணுவாளாம்.

நான் ஒரு மரச்சாமான் ஷோரூமில் வேலை பார்க்கிறேன். அங்கே பன்னிரண்டு அறைகள் உண்டு. எதிலும் யாரும் குடியில்லை. குடியிருப்பது போலத் தோன்றச் செய்வதுதான் என் வேலை. கட்டில் ஓரம் ஒரு மூக்குக் கண்ணாடி, சோபா மேல் பாதி மடித்த போர்வை, மேசையில் கவிழ்த்து வைத்த புத்தகம். சில நாள் சாயங்காலம் விளக்குகளை அணைத்துக்கொண்டே வரும்போது, அந்த அறைகளின் ஆட்கள் இப்போதுதான் எழுந்து பக்கத்து அறைக்குப் போயிருக்கிறார்கள் என்று எனக்கே தோன்றும். வாசலில் நின்று பார்க்கிறவர் மூன்று நொடியில் மனதுக்குள் முடிவு செய்துவிடுவார். அதற்குப் பிறகு கேட்கும் கேள்வியெல்லாம் அந்த முடிவுக்குத் துணை தேடுவதுதான். பத்து வருடத்தில் நான் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான்.

அதனால்தான் அம்மாவின் மடக்கு மேசை என் கண்ணை உறுத்தியது. சாம்பல் நிறத் தகரம், நான்கு கால், இடது ஓரம் முழுக்க நீளமாகச் சிவப்பு டேப். தகரம் பிளந்து கையைக் கிழிக்காமல் இருக்க ஒட்டியது என்று நினைத்திருந்தேன். தெரபிஸ்ட் வருவது பகலில். அப்போது நான் ஷோரூமில் இருப்பேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் இரண்டு வாரம் அம்மாவோடு இருந்தது அண்ணன்தான். பிறகு பகலில் ஒரு நர்ஸம்மா, சாயங்காலம் நான். வாசலில் நின்று அந்த மேசையைப் பார்த்தால் போதும், இது நோயாளி வீடு என்று தெரிந்துவிடும். தெரபிஸ்டும் அண்ணனும் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வரவேண்டும்.

ஷோரூமில் எங்கள் மூத்த விற்பனையாளருக்கு மீசை என்று பெயர். மீசையை எடுத்து ஆறு வருடம் ஆகிறது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

"அம்மா நாற்காலியோட கை எவ்வளவு உயரம்?" என்றார்.

"இருபத்துநாலு அங்குலம்."

"அப்ப மேசை இருபத்துமூணு. ஏறினா தோள் வலி, இறங்கினா இடுப்பு வலி. நீ எனக்குச் சொல்லிக் கொடுத்ததுதான்."

கண்ணாடிப் பலகை வைத்தது ஒன்று இருந்தது. கை பட்டால் ரேகை தெரியும், வேண்டாம். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் மூன்று மேசை இருந்தது. அம்மா மூன்றையும் வெளியே இழுத்துப் போட்டுத் தடுக்கி விழுவாள். கடைசியில் வட்டமான தேக்கு நிறப் பலகையும், நடுவில் ஒரே காலும் கொண்டதன் முன்னால் நின்றேன்.

"கொக்கா?" என்றார் மீசை. அதற்கு அவர் வைத்த பெயர் அது. "அழகுதான். ஒத்தைக் கால்ல தவம் நிக்குது."

"மூலையே இல்ல பாருங்க. அம்மா இடிச்சுக்க மாட்டாங்க."

"அடடா, பொண்ணுன்னா இப்படி இருக்கணும். என் பொண்ணுக்கு அப்பன் சட்டை சைஸே தெரியாது."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா குளிக்கும் நேரத்தில் மடக்கு மேசையை பால்கனிக்குக் கொண்டுபோய்ச் சாத்தினேன். கொக்கை நாற்காலியின் இடது பக்கம் நிறுத்தினேன். மேசை இடது பக்கம்தான் இருக்க வேண்டும், அப்போதுதான் அம்மா அந்தப் பக்கம் திரும்பப் பழகுவாள் என்பது தெரபிஸ்டின் கட்டளை. அதில் நான் கை வைக்கவில்லை. ஆனால் மேசை மேல் வைப்பது என் ராஜ்யம். ஒன்று உயரமாக, ஒன்று தாழ்வாக, ஒன்று உயிரோடு: அதுதான் கணக்கு. உயரத்துக்குத் துணி மூடிய சின்ன விளக்கு. உயிருக்குத் தொட்டிச் செடி. இரண்டையும் அம்மாவிடமிருந்து தள்ளி, அந்த ஓரத்தில் வைத்தேன். அவளுக்குத் தேவையான மாத்திரை டப்பா, பிளாஸ்க், டம்ளர், போன் எல்லாவற்றையும் ஒரு தாழ்வான தட்டில் அடுக்கி, நாற்காலியை ஒட்டி, அவள் கண் தானாக விழும் இந்த ஓரத்தில் வைத்தேன். மறந்துபோகும் பக்கத்தில் வெறும் அழகு மட்டும் இருக்கட்டும். வாசலுக்குப் போய் நின்று பார்த்தேன். விளக்கு வெளிச்சத்தில் அந்த மூலை, உடம்புக்கு எதுவுமே இல்லாத ஒருத்தி உட்கார்ந்து நாவல் படிக்கிற இடம் போல இருந்தது. எனக்கே அங்கே போய் உட்கார வேண்டும் போலிருந்தது.

அம்மா தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். "நல்லா இருக்குடி. எதுக்கு இவ்வளவு சின்னதா வாங்கினே?"

"சின்னதா? இருபது அங்குல வட்டம்மா அது. கடையில இதுக்குக் கொக்குன்னு பேரு."

"அப்ப என் கண்ணாடியை மாத்தணும்," என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

காலை எட்டு மணிக்கு அண்ணன் வந்தான். பையைக் கீழே வைக்குமுன்பே அம்மாவை மேலும் கீழும் பார்த்தான்.

"என்னடா, மாட்டு வியாபாரி மாதிரி பாக்கறே? பல்லையும் எண்ணிப் பாத்துக்கோ."

"இளைச்சிருக்கேம்மா."

"இளைக்கறதுக்கு ஊரே பணம் கட்டி ஓடுது. எனக்குச் சும்மா கிடைச்சிருக்கு."

அவன் சிரிக்கவில்லை. நாற்காலிப் பக்கம் போனான். புது மேசையின் விளிம்பில் ஒரு விரலை வைத்து ஒரு சுற்று சுற்றினான். அந்தக் கோடியில் விரல் கொஞ்சம் நின்றது.

"பழசு எங்க?"

"பால்கனில. ஏன்ணா?"

"சும்மாதான் கேட்டேன்," என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனான். குழாய் வெகுநேரம் ஓடியது.

சரியாகப் பத்து மணிக்குத் தெரபிஸ்ட் வந்தார். உயரமானவர், தோளில் துணிப்பை, பேச்சு அளவு. வாசலில் நின்று அறையைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று.

"அழகா வச்சிருக்கீங்க," என்றார். என் நெஞ்சு லேசானது. "பழைய மேசை இல்லையா?"

"இது உறுதியானது மேடம்," என்றேன்.

அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் அம்மா, "மேடம், ஆரம்பிக்கலாமா? எனக்குப் பரீட்சைன்னா சின்ன வயசுலேர்ந்து வயித்தக் கலக்கும்," என்று நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

தெரபிஸ்ட் எங்களிடம் திரும்பினார். "ரெண்டு பேரும் அந்தச் சுவரோரம் நின்னுக்கோங்க. பேசக் கூடாது. ஜாடை காட்டக் கூடாது. இருமக் கூடக் கூடாது. யாராவது உதவினா இது செல்லாது."

பிறகு அவர் என் மேசையைக் கலைத்தார். விளக்கை எடுத்துத் தரையில் வைத்தார். செடியை ஜன்னலுக்குக் கொண்டுபோனார். தட்டை எடுத்துவிட்டார். மூன்று மாத்திரைகளைப் பிரித்து, ஒன்றை இந்த ஓரத்திலும் ஒன்றை நடுவிலும் ஒன்றை அந்தக் கோடியிலும் வைத்தார். டம்ளர் இங்கே. பிளாஸ்கும் போனும் அங்கே. நான் பிரித்து வைத்திருந்த தேவையும் அழகும் ஒரே நிமிடத்தில் இல்லாமல் போயின.

"அம்மா, மேசையில மூணு மாத்திரை இருக்கு. மூணையும் போட்டுக்கணும். பிளாஸ்க்லேர்ந்து தண்ணி ஊத்திக்குங்க. அவசரம் இல்ல."

அம்மா மேசைப் பக்கம் திரும்பினாள். முதல் மாத்திரையை உடனே எடுத்தாள். நடுவில் இருந்ததைக் கொஞ்சம் தேடி எடுத்தாள். இரண்டையும் உள்ளங்கையில் வைத்து எண்ணினாள். உதடு அசைந்தது. ஒன்று, இரண்டு. மறுபடி எண்ணினாள்.

"கோடு எங்கே?" என்றாள் மெதுவாக.

தெரபிஸ்டின் பேனா நின்றது.

"மேடம், கோட்டைக் காணோமே. கோட்டைப் பாத்துட்டுத்தானே எண்ணணும்?"

அந்தச் சிவப்பு டேப். அது உடைந்த ஓரத்தை மறைக்க ஒட்டியது இல்லை. மேசை அங்கேதான் முடிகிறது என்று அம்மாவுக்குச் சொல்ல ஒட்டியது. சிவப்பு கண்ணில் படும்வரை அவள் திரும்பிக்கொண்டே போகவேண்டும். பட்ட பிறகுதான் எல்லாவற்றையும் பார்த்ததாக அர்த்தம். அது பால்கனியில், சுவரைப் பார்த்தபடி நிற்கிறது. நான்தான் நிறுத்தினேன். அதற்குப் பதிலாக ஓரமே இல்லாத ஒரு வட்டத்தைக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன்.

வாயைத் திறந்தால் பரீட்சை செல்லாது. திறக்காவிட்டால் அம்மா தோற்பாள். அண்ணனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மாவின் வலது கை பலகை மேல் ஊர்ந்தது. தேக்கு நிறத்துக்கு எங்கும் ஒரே நிறம். பாதி தூரம் போய், அங்கே எதுவும் இல்லை என்று முடிவு செய்து திரும்பி வந்தது. மறுபடி போனது. மறுபடி வந்தது. அவள் முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒன்று வந்தது. ஆஸ்பத்திரியில்கூட அவள் பயந்து நான் பார்த்ததில்லை.

"எழுந்து பாக்கறேன்," என்றாள் தனக்குத்தானே.

பழைய மேசை நான்கு கால்களில் நிற்கும். எழும்போது அதன் ஓரத்தில் கை ஊன்றியே அவளுக்குப் பழக்கம். இதன் ஓரத்திலும் ஊன்றினாள்.

ஷோரூமில் யாரும் மேசையில் கை ஊன்றி எழுவதில்லை. பத்து வருடத்தில் ஒருத்தர்கூட.

பலகை அவள் பக்கம் சாய்ந்தது. பிளாஸ்க் வழுக்கிக்கொண்டு வந்தது. அம்மா அதைப் பார்க்கவேயில்லை. அது வருகிற பக்கம் அவளுக்கு இல்லை. நான் "அம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடி அவள் தோளைப் பிடித்தேன். அண்ணன் எப்படி வந்தான் என்று தெரியவில்லை. முழங்காலில் சறுக்கி வந்து, நெஞ்சால் மேசையைத் தாங்கி, பிளாஸ்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். மூடியோரம் கசிந்த வெந்நீர் அவன் மணிக்கட்டில் சொட்டியது. டம்ளர் மட்டும் உருண்டு போய்ச் சுவரில் இடித்து நின்றது.

"என்னாச்சு? என்ன சத்தம்?" என்றாள் அம்மா.

தெரபிஸ்ட் அவளை உட்காரவைத்து நாடி பார்த்தார். அண்ணன் மேசையை நேராக நிறுத்தினான்.

"போதும் மேடம்," என்றான். "பாத்தீங்கல்ல. எழுதிக் கொடுத்துடுங்க."

"இருங்க," என்றேன். "தப்பு அம்மா மேல இல்ல. டேப் ஒட்டின மேசையை நான்தான் எடுத்துட்டேன். அது எதுக்குன்னு எனக்குத் தெரியாது."

தெரபிஸ்ட் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நாலு மாசமா அந்தக் கோட்டை வச்சுத்தான் பழக்கறேன். உங்ககிட்ட யாருமே சொல்லலையா? ஒட்டும்போது உங்க அண்ணன் பக்கத்துலயே இருந்தாரே."

நானும் தெரபிஸ்டும் அவனைப் பார்த்தோம். அவன் மணிக்கட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்து முடித்த பிறகும் துடைத்தான்.

"உள்ள வந்ததுமே பாத்தேன்," என்றான். "கோடு இல்லைன்னு."

"பாத்துட்டும் பேசாம நின்னியா?" என்றேன்.

"ஆமா." நேராக என்னைப் பார்த்தான். "நீ ஒருநாள் விடியக்காலைல போன் பண்ணி, அம்மா விழுந்துட்டாங்கன்னு சொன்னே. அன்னைலேர்ந்து எந்த போன் அடிச்சாலும் எனக்கு நெஞ்சு நின்னு போகுது. பால்காரன் பண்ணினாக்கூட. உனக்கு அரை மணி தூரம். எனக்கு எட்டு மணி நேரம். இன்னொரு தடவை அந்த எட்டு மணி நேரம் என்னால உக்காந்து வர முடியாது. அம்மா தோத்தா நல்லதுன்னு நினைச்சேன். இப்படி விழுவாங்கன்னு நினைக்கல."

எனக்குக் கோபம் வந்தது. அவனைத் திட்ட ஒரு சொல் தேடினேன். என்ன சொன்னாலும் பாதி என் பக்கம் திரும்பும் போலிருந்தது.

அம்மா எங்கள் இருவர் குரலும் வந்த திசையைப் பார்த்தாள். உண்மையில் எங்களில் ஒருவரை மட்டும்தான் அவள் பார்த்தாள். அண்ணன் நின்றது அவளுடைய இடது பக்கம்.

"நல்லாப் பெத்து வச்சிருக்கேன்," என்றாள். "ஒருத்தி அழகு பாத்தா. ஒருத்தன் வேடிக்கை பாத்தான். என்னை யாராவது பாத்தீங்களா?"

பிறகு தெரபிஸ்டிடம், "மேடம், மறுபடி வைங்க," என்றாள்.

"இன்னொரு நாள் வச்சுக்கலாம்மா. பழைய மேசையோட."

"இன்னொரு நாள் இவன் இங்க இருக்க மாட்டான். இவன் கண்ணால பாக்கணும். அப்புறம் எங்கே போனாலும் கோட்டைக் கையோட தூக்கிட்டு அலைய முடியுமா நான்? கோடும் வேண்டாம், வட்டமும் வேண்டாம்." என் பக்கம் கையை நீட்டினாள். "ஏய் அழகி, அந்தச் சாப்பாட்டு மேசை நாற்காலி ஒண்ணை இழுத்துட்டு வா."

இழுத்து வந்தேன்.

"கொக்கோ கோழியோ, அதை அந்தப் பக்கம் தள்ளு. அந்த இடத்துல இதைப் போடு. உக்கார்ற பக்கம் என்னைப் பாத்து இருக்கணும். முதுகு அந்தக் கோடில இருக்கணும்."

போட்டேன். சாதாரண மர நாற்காலி. கை இல்லாதது. உயரம் பதினெட்டு அங்குலம்தான், என் கணக்குப்படி ஐந்து அங்குலம் குறைவு. அம்மா வலது கையை அதன் மேல் வைத்து மெல்ல அந்தப் பக்கம் நகர்த்தினாள். கை போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் நாற்காலியின் முதுகில் தட்டி நின்றது. அம்மா அதை இரண்டு முறை விரலால் தட்டிப் பார்த்தாள். கதவைத் தட்டுகிறவள் போல.

"இங்கே சுவர் இருக்கு," என்றாள். "இது வரைக்கும்தான் உலகம். இப்ப வைங்க."

தெரபிஸ்ட் நாற்காலியின் கால்களை அசைத்துப் பார்த்தார். பிறகு உருண்டுபோன டம்ளரையும் மாத்திரைகளையும் எடுத்து வைத்தார். மூன்றாவதை முதுகுச் சட்டத்தை ஒட்டி, முன்பைவிடத் தள்ளியே வைத்தார். பிளாஸ்கின் மூடியை நன்றாக இறுக்கி அதற்குப் பக்கத்தில் வைத்தார். அதற்கும் பக்கத்தில் போன்.

நானும் அண்ணனும் மறுபடி சுவரோரம் போய் நின்றோம். இந்தத் தடவை எங்கள் தோள்கள் உரசின. இரண்டு பேரும் விலகவில்லை.

ஒன்று. இரண்டு. அம்மா நிறுத்தினாள். உள்ளங்கையை மூடிக்கொண்டு, மூடிய கையின் முட்டியாலேயே பலகையைத் துழாவிக்கொண்டு போனாள். சட்டத்தில் மோதினாள். தலை அந்தப் பக்கம் திரும்பியது. கொஞ்சம் கொஞ்சமாக, துருப்பிடித்த குழாயைத் திருகுவது போல.

"இந்தா இருக்கியா," என்று மூன்றாவது மாத்திரையைக் கேட்டாள்.

பிளாஸ்கைத் திறக்க இரண்டு நிமிடம் ஆனது. தண்ணீர் கொஞ்சம் சிந்தியது. அதைத் தன் புடவைத் தலைப்பாலேயே துடைத்தாள்; சிந்தியது இடது பக்கம் என்பதை நான்தான் கவனித்தேன், அவள் வெறுமனே துடைத்தாள். மூன்று மாத்திரையும் போனது.

தெரபிஸ்ட் எழுதினார். "இன்னும் ஒண்ணு பாக்கி. போன். அதையும் எடுத்துப் பேசிட்டாங்கன்னா, பகல்ல ஒரு ஆள் துணையோட இங்கேயே இருக்கலாம்னு எழுதிடுவேன்." அண்ணனிடம் திரும்பினார். "நீங்க வெளியில போய் போன் பண்ணுங்க. எப்ப பண்றீங்கன்னு அவங்களுக்குத் தெரியக் கூடாது."

அண்ணன் வெளியே போனான். கதவு சாத்திக்கொண்டது.

நாங்கள் காத்திருந்தோம். மாடிப்படியில் அவன் செருப்புச் சத்தம் இரண்டு படி இறங்கி நின்றது. பிறகு சத்தமே இல்லை. ஒரு நிமிடம் போனது. போன் அடிக்கவில்லை. தெரபிஸ்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவன் பண்ணாமல் இருந்துவிட்டால் எழுத எதுவும் இருக்காது. டவர் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம். நாங்கள் நம்பித்தான் ஆகவேண்டும். அம்மா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு நிமிடம். படியில் யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

போன் அடித்தது.

அம்மா முதலில் வலது பக்கம் திரும்பினாள். அங்கே ஒன்றுமில்லை. இரண்டாவது மணி. கை நாற்காலி மேல் வந்தது. மூன்றாவது மணி. கை நகர்ந்தது, பிளாஸ்கைத் தொட்டது, சுற்றிக்கொண்டு போனது. நான்காவது மணி. விரல் முதுகுச் சட்டத்தில் இடித்தது. அங்கிருந்து கீழே இறங்கியது. ஐந்தாவது மணி பாதியில் நின்றது.

"ஹலோ?"

கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

"ஹலோ, யாரு? வீட்டுக்காரிதான் பேசறேன்."

அண்ணன் பேசினான். அவன் குரல் போனிலும் கதவு வழியாகவும் இரண்டு முறை கேட்டது.

"அம்மா, நான்தான். நான் மட்டும் நாளைக்குக் கிளம்பறேன்."

"சரி," என்றாள் அம்மா. "படியில நின்னு அழாதே, பக்கத்து வீட்டுல கதவைத் திறந்து பாப்பாங்க. உள்ள வா."